ஃபிஜியும் மொரிசியசும் என் காகிதமும்

9 ஆகஸ்ட் 1988, செவ்வாய்
ஈப்போவில் புழுக்கம். அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் டைப் அடித்துவிட்டு நேராக மாலை வகுப்பு. வணிக டிப்ளோமா, முதல் கட்டத்தின் கடைசிக் கட்டுரை: இரண்டு நாடுகள், ஒரு சரக்கு, ஒப்பிட வேண்டும். மற்றவர்களெல்லாம் ஜப்பான், இங்கிலாந்து, கார், செம்பனை எண்ணெய். நான் ஃபிஜி, மொரிசியஸ், காகிதப் பொருள்கள். வகுப்பே சிரித்தது.

விரிவுரையாளர் டேவிட் சார்: "அதெல்லாம் கடல்ல ரெண்டு புள்ளிம்மா. மாத்திட்டு வா. இல்லேன்னா மார்க் கிடையாது."

"மாத்த மாட்டேன் சார்."

ஏன் அந்தத் தீவுகள்? நம் ஆட்களைக் கரும்பு வெட்ட ஏற்றிப்போன இடங்கள். தாத்தா ஏறிய கப்பல் இந்தப் பக்கம், ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஏன் காகிதம்? வேலைக்கு வந்த நாளாக அதன் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வாங்க வேண்டியது: டைப்ரைட்டர் ரிப்பன், தலைவலித் தைலம்.

11 ஆகஸ்ட், வியாழன்
நூலகம். மூடும்வரை. மொரிசியசில் காகிதத்துக்கு வெட்டக் காடு இல்லை. வெளியில் வாங்குகிறது, பெட்டியாக்கி, உள்ளே சட்டை வைத்து விற்கிறது. ஃபிஜியில் பைன் மரம் நட்டிருக்கிறார்கள். அதைச் சில்லுகளாகச் சீவி ஜப்பானுக்கு அனுப்பிவிட்டு, எழுதும் தாளை வெளியில் வாங்குகிறார்கள்.

இரண்டு தடவை படித்தேன். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

13 ஆகஸ்ட், சனி
செமோர். செல்வம் அண்ணன் வீடு. தோட்டத்தில் ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டாகிவிட்டது, லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அண்ணனுக்கு அந்தக் கவலையைவிட என் கவலை பெரிது.

"செவ்வாக்கெழம சாயங்காலம் தெலுக் இந்தான்லேருந்து பொண்ணு பாக்க வாராங்க. லீவு போட்டுரு."

"அன்னிக்குத்தான் நான் வகுப்புல கட்டுரை படிக்கணும். புதன் வரச் சொல்லுங்கண்ணே."

"நம்ம சொல்ற நாளுக்கா வருவாங்க? ஒனக்கு முப்பது ஆகப் போவுதுலா!"

"அப்ப அவங்க சொல்ற நாளுக்கு நான் மட்டும் வரணுமா?"

அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்துவிட்டார். அண்ணன் பார்த்ததும் வெங்காயம் எரிவதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

16 ஆகஸ்ட், செவ்வாய்
மழை. சேலை பாதி ஈரம். போனது வகுப்புக்கு.

பாதியில் டேவிட் சார் நிறுத்தினார். "சரி, ரெண்டுல எது நல்லா வியாபாரம் பண்ணுது?"

"மொரிசியஸ் சார். மரமே இல்லாம பெட்டி விக்குது. ஃபிஜி மரத்தைக் கொடுத்துட்டுத் தாளை வாங்குது. எங்கம்மா காலமெல்லாம் ரப்பர்ப் பால் வெட்டுனாங்க. அது ஷீட்டாகி கப்பல் ஏறுச்சு. வெலையச் சொன்னது வாங்குனவன். புள்ளி சின்னதா இருந்தா இது நல்லா தெரியுது சார்."

யாரும் சிரிக்கவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் வெறும் பாஸ் மார்க். "அடுத்த தடவை பெரிய நாடா எடு." போதும். பாஸ் பாஸ்தான்.

பஸ்ஸில் அழுகை வந்தது. துக்கம் இல்லை.

17 ஆகஸ்ட், புதன்
ஆபீஸுக்கு அண்ணன் போன். "நேத்து சபையில என் மூஞ்சி போச்சு!" கேட்டுக்கொண்டேன். கத்தி முடித்துக் குரல் இறங்கியது. "பையனுக்கு உன் போட்டோ பிடிச்சிருக்காம். ஞாயித்துக்கெழம திரும்ப வாராங்க. ஆனா கல்யாணத்துக்கப்புறம் வகுப்பெல்லாம் கூடாதாம்."

"அப்படின்னா வர வேணாம்னு சொல்லிருங்கண்ணே."

நானே போனை வைத்தேன். முதலாளி நிமிர்ந்து பார்த்தார். நான் டைப் அடித்தேன்.

மாலை, டிப்ளோமாவின் அடுத்த கட்டத்துக்குப் பெயர் கொடுக்கப் போனேன். நடைவழியில் டேவிட் சார். "மறுபடியும் தீவா?"

"ஆமா சார். இந்தத் தடவ மூணு."