பச்சையில் இருந்த சைலன்சர்

ஜூலை 14, செவ்வாய் இரவு

கீழ்வீட்டு முரளி அண்ணன் கிரெடிட் கார்டு கடனை அடைத்துவிட்டார். பாக்கி பூஜ்யம்தானா என்று போனில் பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார். இரண்டு பேர் சேர்ந்து நெய்ய வேண்டிய கோர்வைப் புடவை தறியில் இருந்தது. அவர் புடவையின் உடல் பகுதியை நெய்ய, அவர் மனைவி செல்வி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் நாடாவைத் தள்ளினார். பூஜ்யம்தான் என்றேன்.

"எந்தச் செலவா இருந்தாலும் இங்கயே பேசிக்கினுதான் நெய்வோம் தம்பி," என்றார் அக்கா. "இவரு டீயில கூட ஒண்ணு கொறச்சேன்."

"ஒண்ணா? மூணு," என்றார் அண்ணன். இருவரும் சிரித்தார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் கார்டு பாக்கியை அடைக்க, ஃபார்முலா எல்லாம் போட்டு எக்செல் ஷீட் செய்து வைத்திருக்கிறேன். என் மனைவி அனிதா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மேலே வந்ததும் கேட்டேன். "ஷீட்டைப் பாத்தியா இல்லையா?"

"பாத்தேன்பா. கொறைக்கணும்னு சிவப்புல போட்டிருக்கிறது பூரா என் செலவு. உன் பைக்குக்கு வாங்குன சைலன்சர் எங்க இருக்குது?"

'அத்தியாவசியம்' என்ற தலைப்பின் கீழ், பச்சையில். அவள் போய்ப் படுத்துவிட்டாள்.

இப்போதுதான் சைலன்சரைச் சிவப்பாக்கினேன். கீழ்வீட்டில் ஒரு ஷீட்டும் கிடையாது. அதுதான் தாங்கவில்லை. இன்னமும் சிரிக்கிறார்கள், இங்கே வரை கேட்கிறது. அனிதாவும் தூங்கவில்லை. அதைத்தான் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்காரப் போகிறேன்.