சாட்சியில் சொல்லாமல் விட்டது

என் செல்லத் தம்பி சாமுவுக்கு,

உன் மாமா வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். வரும் ஞாயிறு குடியாத்தத்தில் ஒரு சபையில் அவர் தான் மனந்திரும்பிய கதையைச் சாட்சியாகச் சொல்கிறார். அவருக்குத் துணி தேய்த்துக் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டதால் அவரே தேய்த்துக்கொள்கிறார். காலரில் மடிப்பு விழுந்தால்கூட முகம் கோணுவதில்லை. சாட்சி சொல்ல ஆரம்பித்ததிலிருந்து என் வீட்டுக்காரருக்குக் கோபமே வருவதில்லை, எல்லாக் கோபமும் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இந்த முறை நானும் மேடை ஏற வேண்டுமாம். தம்பியைப் பறிகொடுத்தவள், அவனைச் சாவுக்கு அனுப்பிய புருஷன் பக்கத்தில் நின்று, மன்னித்துவிட்டேன் என்று மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். கேட்கிற ஜனங்கள் உடைந்துபோவார்களாம். செத்தவன் நீ, மன்னிக்க வேண்டியவள் நானா? அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரிந்திருக்காது. அது ஞாயிற்றுக்கிழமை, தோல் பதனிடுகிற டேனரிக்கு லீவு. ஆராதனை முடிந்து, ஆம்பூர் பஜாரில் கறி வாங்கிக்கொண்டு அம்மாவும் நானும் வீட்டுக்கு வந்தோம். டேனரியில் மேஸ்திரி வேலை பார்த்த உன் மாமா வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். டேனரியின் கழிவுத் தண்ணீர்த் தொட்டியில் இறங்கிய நீ விஷவாயு தாக்கி அங்கேயே போய்விட்டாய் என்றார். "சொல்லச் சொல்லக் கேக்காம எறங்கிட்டான் அத்தை. குடிச்சிருந்தான்."

ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் அவர்தான் அலைந்தார். அவர் வந்து சொன்னதைத்தான் நாங்கள் கேட்டுக்கொண்டோம். ஏன் அவ்வளவு சுலபமாக நம்பினோம்? பிளஸ் டூ முடித்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று நீ பீர் குடித்துவிட்டு வந்து அம்மாவிடம் துடைப்பத்தால் வாங்கினாயே, அந்த ஒரு நாள் போதுமானதாக இருந்தது. உன் பெட்டியின்மேல் விழுந்து நான் என்ன சொல்லி அழுதேன் தெரியுமா? "குடிச்சே அழிஞ்சியேடா பாவி." தெருவே கேட்டது. அதற்கு என்னை மன்னித்துவிடு, சாமு. நீ பதில் சொல்ல முடியாது என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

அம்மாவை அது வேறு விதமாகப் பிடித்துக்கொண்டது. குடிகாரருக்குப் பரலோகத்தில் பங்கில்லை என்று சின்ன வயதிலிருந்து பிரசங்கம் கேட்டவள் அவள். உன் கல்லறைச் சிலுவையில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தான்' என்று எழுத விடவில்லை. பேரும் தேதியும் மட்டும் போதும் என்றாள். "பொய் எழுதக் கூடாதுடி" என்று என்னிடம் சொன்னாள். அதன் பிறகு உன்னைப் பற்றி அவள் பேசியதே கம்மி. சோறு போடும்போது சில நாள் ஒரு தட்டு அதிகமாக எடுத்துவிட்டு, திரும்பவும் அடுக்கில் வைப்பாள்.

போன வருஷம் நம் சபையில் உபவாசக் கூட்டம் நடந்தது. பாவத்தை மறைக்கிறவன் வாழ்வடைய மாட்டான் என்று பாஸ்டர் பேசிக்கொண்டிருந்தபோது, ஆண்கள் பக்கத்திலிருந்து மாமா எழுந்து போய் மைக்கைப் பிடித்தார். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வேறு இடத்தில் புது வேலை கிடைத்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"தொட்டி அடைச்சிக்கிச்சி. மொதலாளி போன்ல கத்துறாரு. நான்தான் மச்சானை வீட்லேர்ந்து வரச் சொன்னேன். கயிறு இல்ல, மாஸ்க் இல்ல. மாமா மூச்சு முட்டுதுன்னான். சீக்கிரம் எறங்கி ஏறிடுடான்னேன். ஏசப்பா, நான் கொலகாரன்."

சபை முழுக்க அழுதது. பாஸ்டர் அவர் தலையில் கை வைத்து ஜெபித்தார், கீபோர்டு வாசிக்கிற பையன் மெதுவாக ஒரு பாட்டை ஆரம்பித்தான். உன் சாவின் உண்மையை ஊரோடு சேர்ந்து நானும் ஸ்பீக்கரில் கேட்டேன். பாயை விட்டு நான் எழுந்திருப்பதற்குள் எல்லாரும் அவரை மன்னித்து முடித்துவிட்டார்கள். பக்கத்திலிருந்த கிரேஸ் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு, "குடுத்து வச்சவ நீ எஸ்தரு" என்றாள்.

வீட்டுக்கு வந்து அவர் செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன். "இன்னாங்க, அவன் குடிச்சிருந்தானா?"

"இல்ல."

"அப்ப ஏன் அப்பிடி சொன்னீங்க?"

"பயந்துட்டேன். வேலையும் போய்டும், கேசும் ஆய்டும்னு வாயில வந்துடுச்சி."

"அத ஏன் சபையில சொல்லல?"

செருப்பை ஓரமாக நகர்த்தி வைத்தார். "அது எனக்கும் கர்த்தருக்கும் நடுவுல. அவருகிட்ட சொல்லிட்டேன். மன்னிச்சிட்டாரு."

கொலைகாரன் என்று சொன்னால் ஜனங்கள் அழுவார்கள், செத்தவன்மேல் பழி போட்டவன் என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். எது எடுபடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இல்லை, இது என் வயிற்றெரிச்சல் பேசுவது. அந்தப் பொய்யை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு நிஜமாகவே கூச்சமாக இருக்கலாம். ஆனால் பெரியதைச் சொல்லத் துணிந்த மனுஷன் சின்னதைச் சொல்லவில்லையே, அது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

மறுநாள் காலையிலேயே அம்மாவிடம் ஓடினேன். முறத்தில் புளியைப் போட்டுக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சாமு குடிக்கல. அவரே சொல்லிட்டாரு."

"எங்க சொன்னாரு? நானுந்தானே கூட்டத்துல இருந்தேன்?"

"வீட்ல, என்கிட்ட சொன்னாரு."

"கொலகாரன்னே ஒத்துக்கின மனுஷன், இது இருந்தா சொல்லாம வுடுவாரா? கர்த்தர் முன்னாடி எல்லாத்தயும் கொட்டிட்டாரு. தம்பி மேல ஆசைதான் உனக்கு, அதுக்காக அவர் வாயில பொய்ய வைக்காத."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, சாமு. அதுவரை நீ குடித்திருந்தாய் என்பது ஒரு மேஸ்திரி பதற்றத்தில் சொன்ன பேச்சு. சாட்சிக்குப் பிறகு அது அசைக்க முடியாததாக ஆகிவிட்டது. அவர் சொல்லாமல் விட்டதே அம்மாவுக்கு அத்தாட்சி. இனி அவர் வாயைத் திறந்தால்தான் உண்டு.

அந்த வாரமே அம்மா அவரைக் கூப்பிட்டு மீன் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். "மாப்ள, எறக்குனது நீங்க, குடிச்சது அவன். உங்கள நான் மன்னிச்சிட்டேன்" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். நான் எதிரில் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார்.

பாஸ்டரிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அத அவரு ஆண்டவரோட சரி பண்ணிக்கிட்டாரு சிஸ்டர், நீங்க கிளறாதீங்க. உள்ள கசப்ப வச்சிக்கினு பந்தியில சேராதீங்க" என்றார். அன்றிலிருந்து திருவிருந்து ஞாயிறுகளில் மாமா முன்னால் போய் அப்பமும் திராட்சை ரசமும் வாங்குகிறார், நான் பாயில் உட்கார்ந்திருக்கிறேன். கர்த்தருடைய ஜெபத்தில் மன்னிக்கிற இடம் வரும்போது வாயை மூடிக்கொள்கிறேன். மூடின வாயோடு சொன்ன ஜெபம் மேலே போய்ச் சேருமா?

முதலில் எழுதியிருக்க வேண்டியதை இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டுவிட்டேன். அம்மா போன மாதம் போய்விட்டாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். கிட்னி இரண்டும் கைவிட்டுவிட்டது. ஒரு மத்தியானம் நல்ல நினைவோடு இருந்தாள். மாமா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க அத்தை. நமக்கு முன்னாடி போனவங்க எல்லாரையும் அங்க பாப்பீங்க" என்றார். தேறுதலாகச் சொல்வதில் அவர் இப்போது கெட்டிக்காரர்.

அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லாரையும் எங்க பாக்கறது மாப்ள. எம்புள்ள அங்க இல்லயே."

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "சொல்லுங்க. இப்பவாவது சொல்லுங்க. உங்க கால்ல வுழறேன்."

அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, அது நடிப்பு இல்லை, நான் சத்தியம் பண்ணுவேன். சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஜெபிக்கலாம்" என்றார். நீளமான ஜெபம். அவர் ஆமென் சொன்னபோது அம்மா தூங்கிவிட்டிருந்தாள். அதன் பிறகு அவள் பேசவில்லை.

இப்போது அவருடைய சாட்சியில் ஒரு புதுப் பகுதி சேர்ந்திருக்கிறது. செத்தவனைப் பெற்ற தாயே என்னை மன்னித்துவிட்டுப் போனார்கள் என்று சொல்கிறார். அதுவும் உண்மைதான். அதனால்தான் எனக்கு மறுத்துப் பேச ஒன்றுமில்லை. வாணியம்பாடியிலும் சோளிங்கரிலும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் நன்றாகத் தூங்குகிறார். கர்த்தர் அவரை மன்னித்திருப்பாரா என்று கேட்டால், மன்னித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அந்த மன்னிப்பில் உனக்கும் அம்மாவுக்கும் ஏன் ஒரு துளியும் வந்து சேரவில்லை என்று மட்டும் யாராவது சொன்னால் தேவலை.

குடியாத்தத்துக்குப் போகப் போகிறேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். என் தம்பி குடித்திருக்கவில்லை என்று சொல்வேன். உடனே பாட்டை எடுத்துவிடுவார்கள், மைக்கையும் வாங்கிவிடுவார்கள், பாவம், இன்னும் விடுதலை ஆகாத பொம்பளை என்று எனக்காக ஜெபிப்பார்கள். யாரும் நம்பப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். நம்ப வேண்டியவள் போய்விட்டாள். ஆனாலும் உன் பேர் அடிபடுகிற இடத்திலெல்லாம், என் மூச்சு இருக்கும்வரை, இதைச் சொல்லுவேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

அம்மாவிடம் மட்டும் என்னால் சொல்ல முடியாது. நீதான் போய்ச் சொல்ல வேண்டும், சாமு. அவள் வருவாள் என்று உட்கார்ந்திருக்காதே. நீ அங்கே இருப்பாய் என்று அவளுக்குத் தெரியாது, அவள் உன்னைத் தேட மாட்டாள்.

உன் கூடப் பிறந்தவள்,
எஸ்தர் அக்கா