ரேவதி நகரவில்லை

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில். கோட்டை மலைப் பக்கம் பார்த்தாலே கண் கூசுகிறது. குழம்பில் உப்பு போட மறந்து வந்துவிட்டேன். போனில் வீட்டுக்காரர் புலம்பல்.

ஓ.டி.யில் ஒரு அம்மாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன். முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்திருந்தது. ரேவதி ஸ்க்ரப் நர்ஸ், டாக்டர் பக்கத்திலேயே நின்று கத்தி, கத்திரி நீட்டுகிறவள். எனக்குச் சற்றுத் தள்ளி நின்று கேட்பதை எடுத்துக் கொடுக்கும் வேலை. ரேவதி தளவானூர்க்காரி, பொங்கலுக்கு அப்புறம்தான் சேர்ந்தாள். ஒல்லி. மெதுவாகப் பேசுவாள்.

கை கழுவி, கவுனும் க்ளவுஸும் போட்டுவிட்டால் ஸ்க்ரப் நர்ஸ் கிருமி நீக்காத எதையும் தொடக் கூடாது. கையை நெஞ்சுக்கு முன்னால் கோத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அது எங்கள் சர்ஜனுக்கு நன்றாகத் தெரியும். தள்ளிவிட முடியாதவளிடம்தான் அவர் கை நீளும். நகர்ந்து இடம் பிடிக்கிற மாதிரி பின்னால் ஒரு தடவல். நாங்கள் எல்லாம் ஒதுங்கி நிற்போம், ட்ராலியைக் குறுக்கே இழுப்போம், பல்லைக் கடிப்போம்.

இன்று கத்தி வைப்பதற்கு முன் அதையே செய்தார். ரேவதி நகரவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"சார், என் பின்னாடி கை வெச்சிட்டீங்க. உங்க க்ளவுஸ் அன்ஸ்டெரைல். மாத்திக்கினு வாங்க."

கவுனின் பின்பக்கம் சுத்தமில்லாத இடம். அங்கே பட்ட கையோடு யாரும் நோயாளி வயிற்றைத் தொட முடியாது. எவ்வளவு பெரிய டாக்டரானாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். படவில்லை என்றார். பட்டது என்றாள். மயக்க டாக்டர், பாவம், மானிட்டரில் சினிமா ஓடுகிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னாம்மா ஆச்சு என்று படுத்திருந்த அம்மா கேட்க, பயமில்லை, டாக்டர் க்ளவுஸ் மாற்றிக்கொண்டு வருவார் என்று ரேவதி சமாதானம் சொன்னாள்.

புது க்ளவுஸ் பிரித்துக் கொடுத்தது நான். ஒன்று போதும், இரண்டு ஜோடி பிரித்துவிட்டேன். சந்தோஷத்தில்தான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

நேற்றும் தொட்டார். நேற்றும் மாற்ற வைத்தாள். இன்று ரேவதியை ஓ.டி.யிலிருந்து தூக்கி ஓ.பி.யில் போட்டுவிட்டார்கள். ட்யூட்டி ரூமில் பேச்சு: "வந்து நாலு நாளு ஆவல, இன்னா திமிரு பாரு." சொன்னதும் ஒரு பொம்பளை. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

ரேவதி ஆஸ்பத்திரி ஓனர் மேடத்திடம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள். வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் வேறு இடம் பார், சர்டிபிகேட் மெதுவாக வரும் என்றாராம் மேடம். வேலைக்குச் சேரும்போதே ஒரிஜினலை வாங்கிப் பீரோவில் பூட்டிவிடுவது இங்கே வழக்கம். எங்கள் எல்லோருடையதும் அங்கேதான். அது கையில் இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியிலும் சேர முடியாது.

அழுவாள் என்று பார்த்தேன். புளிச்சோற்றைத் தின்றுகொண்டே சொன்னாள்: "ஊருல போய் களை எடுத்தாலும் எடுப்பேங்க்கா. வாபஸ் மட்டும் வாங்க மாட்டேன்."

என்ன பெண் இவள். எனக்கு அந்த வயதில் இதில் கால்வாசி இருந்திருக்கக் கூடாதா.

மார்ச் 8, சனி

மகளிர் தினம். கேக். நர்ஸ்களுக்கு ஆளுக்கொரு ரோஜா, சர்ஜன் கையால். எந்தப் புண்ணியவானின் யோசனையோ.

ரேவதி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வாங்கிக்குங்க சிஸ்டர் என்று போட்டோ எடுப்பவர் கெஞ்சிப் பார்த்தார். சர்ஜன் நீட்டிய கையைத் தானே மடக்கிக்கொண்டார். பார்க்கக் கண் கோடி வேண்டும். நான் வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆட்டுக்குப் போட்டேன், ஆசையாகத் தின்றது.

வாங்க வேண்டியது: கடலை மாவு, சின்னவளுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ், அவருக்கு பனியன்.

மார்ச் 10, திங்கள்

புதன் விசாரணை. மேடமும், வெளியிலிருந்து ஒரு வக்கீல் அம்மாவும். ரேவதி விடாமல் கேட்டதால்தான் வக்கீல் அம்மா வருகிறார். மயக்க டாக்டர், தான் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டார். அப்படியானால் அன்று ஓ.டி.யில் பார்த்தது நான் ஒருத்திதான். நான் வாயைத் திறக்காவிட்டால் ரேவதி பொய்க்காரி ஆகிவிடுவாள். வேலையும் போய்விடும்.

அவள் என்னை வந்து சொல்லச் சொல்லிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலாவது முடியாது என்று சொல்லலாம்.

வீட்டில் சொன்னேன். "உனுக்கு எதுக்கு இந்த டென்ஷன், பேசாம இரு" என்றார். நல்ல மனுஷன்தான். அந்தக் கை என் மேலும் பட்டது அவருக்குத் தெரியாது. இட்லி ஊற்றிக்கொண்டே அதையும் சொல்லிவிட்டேன், முகத்தைப் பார்க்காமல். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து, "போய் சொல்லு" என்றார்.

மார்ச் 12, புதன்

வெயில். காலையில் டீ மட்டும்.

என்னைக் கூப்பிட்டார்கள். பார்த்ததைச் சொன்னேன். அன்றைக்கு மட்டும்தானா என்று வக்கீல் அம்மா கேட்டார்.

"இல்லம்மா. எனுக்கும் நடந்துது. நான் வேலைக்கு வந்ததுலேர்ந்து."

மேடம் என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன். ரேவதி அளவுக்குச் சத்தமாக வரவில்லை. ஆனால் வந்துவிட்டது.

வெளியே வந்தால் வாசலில் லேப் பெண், ரிசப்ஷன் பெண், வார்டு பெருக்குகிற அம்மா, இன்னும் இரண்டு நர்ஸ்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. என்ன என்று கேட்டேன். "நாங்களும் சொல்லணும்க்கா" என்றாள் லேப் பெண். ரேவதி பெஞ்சிலிருந்து எழுந்து அவர்களுக்கு இடம் விட்டாள். அப்போதுதான் அவள் கண் கலங்கிப் பார்த்தேன்.

வக்கீல் அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். எல்லோரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, மத்தியானச் சாப்பாட்டை இங்கேயே கொண்டுவரச் சொல்லிவிடுங்கள் என்று மேடத்திடம் சொன்னார்.