சலாலாவில் குடித்த இளநீர்

வெள்ளிக்கிழமை, இரவு

ராசா மச்சான்,

இன்றைக்கு உங்கள் அம்மா குருக்கள்மடத்தில் இருந்து வந்தா. உங்கள் செத்தவீட்டுக்குப் பிறகு மாமி இங்கே தேத்தாத்தீவுக்கு வந்தது இதுதான் முதல் தடவை. கொண்டுவந்த இளநீரைச் சீவி என் கையில் தந்தா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை.

"ஏன்கா சிரிக்கிறாய்?" என்றா மாமி. முகம் சுருங்கிப் போனது. புருஷனைப் பறிகொடுத்தவள் சிரித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அதனால் சொன்னேன்.

கலியாணம் முடித்து, நீங்கள் வேலை செய்த மஸ்கட்டுக்கு என்னைக் கூட்டிப்போன வருஷம், தேனிலவு என்று ஓமானின் தெற்குக் கரையில் இருக்கிற சலாலாவுக்குக் கொண்டுபோனீர்கள். ஒரு பகல் முழுக்க பஸ். வழியெல்லாம் மணல். இறங்கினால் மழைத் தூறல், தென்னை, வாழை, றோட்டோரம் இளநீர்க் கடை.

"தேத்தாத்தீவில இல்லாத தென்னையா மச்சான்? இதுக்கா இவ்வளவு தூரம்?"

"பேசாமக் குடிகா, கடைக்காரன் பாக்கிறான்."

நீங்கள் மூன்று குடித்தீர்கள். பிறகும் அந்த மரத்தடியை விட்டு எழும்பவில்லை. படம் எடுக்கக் கூப்பிட்டும் வரவில்லை.

மாமியும் சிரித்தா. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னா: "நான் போன்ல எப்ப கேட்டாலும், இஞ்ச நல்லாத்தான் இருக்கன் அம்மா, ஊர் நினைப்பே இல்ல எண்டுதான் சொல்லுவான்."

அவ பின்னேரம் பஸ் ஏறிப் போயிட்டா. எனக்கு நித்திரை வரவில்லை. அந்தப் பயணம் எனக்காகத்தான் என்று இவ்வளவு நாளும் மனதில் வைத்திருந்தேன். என்னைச் சந்தோஷப்படுத்தவா போனீர்கள், இல்லை, ஊருக்கு வர ஏலாமல்தான் அந்த மரத்தடியில் போய் இருந்தீர்களா?