ஐஸ் பெட்டியில் போன மெழுகு வில்லை

வைத்திக்குப்பம்,
புதுச்சேரி.

அன்பு மகன் தமிழ்மாறனுக்கு அம்மா எழுதுவது. குவைத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல் நன்றாக இருக்க மாரியம்மன் துணை. நாங்களும் நலம் என்று எழுதத்தான் ஆசை, பாதி நலம் என்று வைத்துக்கொள். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து என் வாயைப் பார்க்கிறார், அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் வெற்றிச்செல்வனிடம் கருவாட்டோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன்.

அப்பாவுக்குச் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் வளர்ந்த கட்டியை எடுத்தாயிற்று, அது புற்றுநோய்தான், அதுவரை உனக்குத் தெரியும். அது திரும்பி வருமா வராதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். கட்டிக்குள் எந்த ஜீன் அதிகமாக வேலை செய்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்று அளந்து பார்த்தால் ஓரளவு தெரியும், கட்டி திரும்பாமல் இருக்கக் கொடுக்கும் கடுமையான மாத்திரை வேண்டுமா என்று அப்புறம் முடிவு செய்யலாம் என்றார் டாக்டரம்மா. கட்டியில் ஒரு துண்டை மெழுகில் பதித்து வில்லையாக வைத்திருந்தார்கள், அதைப் பெங்களூரில் இந்தப் பரிசோதனை செய்யும் லேபுக்கு அனுப்பச் சொல்லி நம் கையிலேயே கொடுத்து, சூடு படக்கூடாது என்றார்கள். நான் ஃபிரிட்ஜில் வைத்தேன். அன்றிலிருந்து உன் அப்பா அந்த ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒடம்புல இருந்து போனத எதுக்கு வூட்ல வெச்சிருக்க, கடல்ல போட்டுட்டு வரேன் என்று ஒரே பிடிவாதம். போட்டால் நானும் கூடவே விழுவேன் என்று கத்திவிட்டேன்.

நேற்றுக் காலை பார்த்தால் ஃபிரிட்ஜில் வில்லையும் இல்லை, வீட்டில் அவரும் இல்லை. போனையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். கரைக்கு ஓடினேன். அவரோடு படகில் போகும் இராமதாஸ் அண்ணன், கையில் ஏதோ கவரோடு தண்ணியைப் பார்த்துக்கிட்டு நின்னாரு, அப்புறம் காணோம் என்றார். மணலிலேயே உட்கார்ந்து அழுதேன் தம்பி. மத்தியானத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தார், பெங்களூருக்கு அனுப்பியாச்சு என்று சொல்லிக்கொண்டே. வஞ்சிரம் அனுப்புகிற மாதிரி தெர்மாகோல் பெட்டியில் ஐஸை உடைத்துப் போட்டு, நடுவில் வில்லையை வைத்துத் தோளில் சுமந்து போயிருக்கிறார். கூரியர் ஆபீஸ் பெண் தண்ணீர் ஒழுகுகிறதே என்று திட்டி, ஐஸைக் கொட்டிவிட்டு வேறு பெட்டியில் கட்டினாளாம். வில்லை உறைக்குள் இருந்ததால் நனையவில்லை. அழுத கண்ணோடு சிரித்துவிட்டேன். ஏன் மனசு மாறினீங்க என்று கேட்டேன். அத கடல்ல போட்டா, ஒடம்புக்குள்ள மிச்சம் இருந்தா அதுவும் போயிடுமா என்றார். நேற்று ஃபிரிட்ஜ் தண்ணீர் குடித்தார்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அதற்காக நீ அவசரப்பட்டு லீவு போட்டு ஓடி வராதே, கருவாட்டை ஒரு வெயில் காட்டி எடுத்து வை. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. பரிசோதனை முடிவு உன் மெயிலுக்குத்தான் வரும். நல்லதாக இருந்தால் அப்பாவிடம் சொல், இல்லையென்றால் என்னிடம் மட்டும் சொல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. எதுவானாலும் அவர் போனுக்கே கூப்பிடு. சுமந்துபோய்க் கொடுத்தவர் அவர், அவரே முதலில் கேட்கட்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா,
செல்வாம்பாள்