சத்தம் போடாத டேப்பட்

என் செல்ல எருமை பாலாவுக்கு,

எத்தனை தடவை கூப்பிட்டாலும் வண்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே "சொல்லுக்கா" என்பாயே, இப்போதும் அப்படியே கேட்டுக்கொள். உன் பைக்குக்கு சர்வீஸ் செய்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை, நம் சேலையூர் வீட்டு போர்ட்டிகோவில், நானும் உன் சலீமும். ஸ்பேனரைத் தொட்டாலே "கைய எடு, மரை கழன்ற கேஸு நீ" என்று விரட்டுவாய். அந்த ஸ்பேனர் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. வந்து பிடுங்கேன் பார்க்கலாம்.

நீ போனதிலிருந்து வண்டி கவருக்குள்ளேயே நின்றது. அப்பா அதை விற்க ஓர் ஆளைப் பிடித்திருக்கிறார். பொத்தேரிப் பக்கம் இருக்கிறவர், காடு மேடு ஓட்ட இந்த மாதிரி உயரமான வண்டிதான் வேண்டுமாம். எனக்கு வண்டிமேல் பெரிய ஒட்டுதல் கிடையாது, உனக்கே தெரியும். அம்மாதான் என் கவலை.

சிறுசேரி ஆபீஸுக்குக் கிளம்பி, ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே நீ ஹாலில் சரிந்தாயே, அன்றிலிருந்து அம்மா உன் பெயரைச் சொல்லவில்லை. நாங்கள் சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். ஒரு சொட்டு அழவும் இல்லை. சோறு போடுகிறாள், துணி மடிக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள், அவ்வளவுதான். உன்னைத்தான் பறிகொடுத்தோம், அவளையும் பறிகொடுத்துவிடுவோமோ என்று எனக்குப் பயம். கண்ணெதிரே நிற்கிற வண்டி போய்விட்டால் கொஞ்சம் தேறுவாள் என்று நினைத்தேன். ஆனால் உன் வண்டியை ஸ்டார்ட் ஆகாத வண்டியாகக் கொடுக்க மனசு வரவில்லை.

உன்னோடு செம்மண் பாதையெல்லாம் சுற்றிய சலீம், மேற்குத் தாம்பரம் ஸ்பேர் பார்ட்ஸ் கடையை அண்ணனிடம் விட்டுவிட்டு வந்தான். கவரை உருவியதும் டேங்கைத் தடவிக் கொடுத்தான். அப்புறம், "இன்னாக்கா இது, சீட்டு மேல ஒரே எலிப் புழுக்கை. நம்மாளு பார்த்தான்னு வை, ரெண்டு பேரையும் கொலையே பண்ணிடுவான்" என்றான். சிரித்துவிட்டோம். சிரித்தது தப்பா?

கெட்டுப்போன பெட்ரோலை அவன் இறக்கினான். ஏர் ஃபில்டர் பஞ்சை நான் கழுவினேன். பிழியப் பிழியச் செம்மண் தண்ணீராக வந்தது. எந்த ஊர் மண்ணோ. கோவளம் வரைக்கும்தான் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, உண்மையில் எந்தக் காட்டுக்குள் போனாய்? யாரிடம் கேட்டு இனி தெரிந்துகொள்வேன்?

ஆயிலை மாற்றும்போதுதான் என்னால் முடியவில்லை. அது நீ ஊற்றிய ஆயில். "கொஞ்சமாவது உள்ளேயே இருக்கட்டுமே சலீம்" என்று கெஞ்சினேன். "பழசு நின்னா இன்ஜினையே தின்னுடும்க்கா" என்று சொல்லிவிட்டு அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றினான். கறுப்பாக ஒழுகி முடிகிறவரை நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

டேப்பட், அதுதான் அந்த வால்வு இடைவெளி, பார்க்கும்போது இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டுமாமே. கொஞ்சம் சூடு இருந்தாலும் அளவு தப்பாகக் காட்டுமாம். நான் கையை வைத்துப் பார்த்தேன். இதற்கு மேல் எப்படிடா ஆறும்?

சலீம் மேல்மூடியைக் கழற்றினான். பிஸ்டன் உச்சிக்கு வரும்வரை இன்ஜினைக் கையாலேயே சுற்றினான். வால்வுக்கு மேலே இருக்கிற இடுக்கில் மெல்லிய தகடு ஒன்றை விட்டுப் பார்த்தான். ஒரு வால்வில் தகடு நழுவிக்கொண்டு போனது. இன்னொன்றில் நுழையவே இல்லை. "இது டைட்டா கீதுக்கா" என்று முகத்தைச் சுளித்தான். டைட்டாக இருந்தால் நல்லதுதானே என்றேன்.

"ஐயோ அக்கா! லூசா கீதுன்னா டிக்கு டிக்குனு கத்திக்கினே இருக்கும், நாமளும் கழட்டிப் பார்த்துடுவோம். டைட்டா இருந்தா சத்தமே போடாது. கம்முனு உள்ளயே வால்வு கருகிடும்."

அம்மா டீயோடு எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "சத்தமே போடாதா?" என்று கேட்டாள்.

"போடாதும்மா. வெளிய இருந்து பார்த்தா சூப்பரா ஓடற மாதிரிதான் இருக்கும்."

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "முந்தின நாள் சாயங்காலம் நெஞ்சு கரிக்குதுன்னான். ஓமத் தண்ணி போட்டுக் குடுத்தேன். மடமடன்னு குடிச்சிட்டு, சரியாப் போச்சும்மான்னான். நானும் நம்பிட்டேனே. டாக்டர்கிட்ட போடான்னு ஒரு வார்த்தை சொல்லலையே. பெத்தவளே கொன்னுட்டேன்டி."

ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார். "நீ மட்டும் இல்ல. சாப்பிட்டதும் நெஞ்சைத் தடவிக்கிட்டு என்கிட்ட வந்து நின்னான். வாயுவா இருக்கும், கொஞ்சம் நடன்னு நான்தான் மொட்டைமாடிக்கு அனுப்பினேன்."

சலீம் ஆயில் கையைத் துடைக்கக்கூட இல்லை. "என்கிட்டயும் சொன்னாம்மா. மச்சான், காத்து அடைச்சிக்கினு கீதுடான்னான். சோடா வாங்கிக் குடுத்தேன். ஏப்பம் வந்துச்சு, சிரிச்சிக்கினே போனான். அன்னைலேர்ந்து அந்த சோடாக் கடைப் பக்கமே நான் போறதில்லம்மா."

நீயெல்லாம் என்ன மனுஷன்டா? தெருமுனையில் வண்டி வரும்போதே சத்தத்தை வைத்து, செயின் லூசு என்பாய். உன் நெஞ்சுவலியை மட்டும் அம்மாவிடம் கொஞ்சம், அப்பாவிடம் கொஞ்சம், சலீமிடம் கொஞ்சம் என்று கூறுபோட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். மூன்று பேரிடம் சொன்னதை ஒரே ஆளிடம் மூன்று தடவை சொல்லியிருந்தால் இழுத்துக்கொண்டு ஓடியிருக்க மாட்டோமா? நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று இத்தனை மாதமாக இவர்கள் தனித்தனியாகப் புழுங்கியிருக்கிறார்கள். எனக்கு உன்னை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருக்கிறது. எங்கே வந்து அறைவது?

டேப்பட்டைச் சரிசெய்து, புது ஆயில் ஊற்றி, புது பேட்டரி மாட்டினோம். கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுத்தான் ஸ்டார்ட் ஆனது, உன்னை மாதிரியே. அந்தச் சத்தத்துக்கு எப்போதும் காதைப் பொத்திக்கொள்கிற அம்மா, அன்று பொத்தவில்லை. ஆனால் அன்றும் அவள் அழவில்லை.

திங்கட்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன்னால் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று சலீம் வந்திருந்தான். வெளியே வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அப்பா இட்லியை வைத்துவிட்டு நெஞ்சைத் தடவினார். "லேசா கரிக்குது. நேத்து வடை ரெண்டு அதிகமாப் போச்சு" என்றார்.

அம்மா அடுப்பை அணைத்தாள். "கிளம்புங்க."

"அடி, வாயுடி இது."

"கிளம்புங்கன்னு சொன்னேன்."

போன் ஆப்பில் ஆட்டோ தேடினால் கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மா அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உன் வண்டிமுன் நிறுத்தினாள். பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, நானும் அவளுமாக அவரைத் தூக்கி ஏற்றினோம். "இவ்ளோ உசரத்திலயா உட்கார்ந்து போவான்?" என்று சலீமின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார். கிடைத்த ஆட்டோவில் நாங்கள் பின்னாலேயே ஓடினோம். வழி முழுக்க அம்மா என் கையை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், நிறைய நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் டாக்டர் வெளியே வந்து, ஒன்றும் இல்லை, வெறும் வாயுதான், வடையைக் குறைக்கச் சொல்லுங்கள் என்றார். சலீம் சுவரில் சாய்ந்துகொண்டு, அல்ஹம்துலில்லாஹ் என்றான். நான்கூடச் சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "வாயுதானாம்டி. இவருக்கு வெறும் வாயுதானாம்" என்றாள். அப்புறம் அந்த வராந்தாவில், அத்தனை பேர் முன்னால், தலையில் அடித்துக்கொண்டாள். "எம்புள்ளைக்கு மட்டும் ஏண்டி அது வாயுவா இல்லாமப் போச்சு? பாலா! டேய் பாலா!"

உனக்குக் கேட்டதா?

பொத்தேரிக்காரர் போன் செய்தார். வண்டியைப் பற்றி நாங்கள் இன்னும் ஒன்றும் பேசவில்லை. அம்மா நேற்றிலிருந்து அழுதுகொண்டுதான் இருக்கிறாள், உன் பெயரைச் சொல்லிச் சொல்லி.

ஒன்று மட்டும் சத்தியம் செய்கிறேன். இந்த வீட்டில் இனி யார் நெஞ்சைத் தடவினாலும், ஒன்றுமில்லை என்று எவ்வளவு சிரித்தாலும், முதலில் டாக்டர், அப்புறம்தான் ஓமம். வெறும் வாயு என்று சொல்லி எங்களைத் திருப்பி அனுப்பட்டும். ஆயிரம் தடவை அனுப்பட்டும். போவோம்.

உன்மேல் இன்னும் கோபம் தீராத
உன் ஒரே அக்கா,
சுமதி