இருபத்தொன்பது படி, ஒரு ஆள் குறைச்சல்

1983

பிப்ரவரி 3, வியாழன்

காலையில் பனி, எட்டு மணிக்கே வெயில். கிணற்றில் தண்ணீர் இன்னும் இரண்டு படி இறங்கிவிட்டது. குளிக்க ஆளுக்கு ஒரு வாளி என்று உத்தரவு. டீச்சர்களுக்கும்தான்.

வேலை: பத்தாம் வகுப்பு அட்டைகள். 42. விழா 19ஆம் தேதி. எழுதியது இதுவரை: 0.

இந்த விடுதிப் பள்ளியின் பெருமையே இந்த அட்டைதான். ஒவ்வொரு பெண்ணுக்குள்ளும் ஒரு விதை இருக்கிறதாம். வகுப்பு டீச்சர் அதைக் கண்டுபிடித்து ஒரே சொல்லில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மார்க்கைப் பற்றி மூச்சு விடக் கூடாது. பெரிய டீச்சர் ஒப்புதல் தந்ததும் (இனி பெ.டீ. முழுசாக எழுதும் பொறுமை இல்லை) விழா மேடையில் செயலாளர் வாசிப்பார், எல்லாரும் கை தட்டுவார்கள். பீஸ் கட்டுகிற வீட்டில் அதைக் கண்ணாடி போட்டு மாட்டுவார்கள். இலவசப் பிள்ளைக்கோ அது தலையெழுத்து. பதினொன்றாம் வகுப்பில் இலவச இடம் உண்டா, உண்டென்றால் எந்த குரூப், எல்லாம் அந்த ஒரு சொல்லைப் பார்த்துத்தான்.

ஹேமலதா அட்டையில் பெ.டீ. ஏற்கெனவே பென்சிலில் எழுதி அனுப்பிவிட்டார்: 'தலைமைப் பண்பு'. அப்பாவுக்கு ரைஸ் மில். அந்தப் பெண் வரிசையில் நிற்கும்போதே தூங்குகிறாள். நல்ல பெண், குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் தலைமை?

தோட்டக் குழுவின் இலவசப் பிள்ளைகளுக்கு: 'உழைப்பு', 'உழைப்பு', 'மண் பற்று', 'உழைப்பு'.

மண் பற்றாம்.

பிப்ரவரி 5, சனி

சோப்பு, ரீஃபில், தலைவலித் தைலம். பஸ் ஸ்டாண்டுக்குப் போக நேரமில்லை. அடுத்த வாரம்.

சுவரில் ஒட்டியிருக்கும் பணிச் சுற்று சார்ட்டை இன்று நின்று படித்தேன். ஆறு குழு: பூஜை அறை, நூலகம், வரவேற்பு, தோட்டம், துப்புரவு, சமையல். வாரம் ஒரு முறை சுற்றி வர வேண்டும், எல்லாரும் எல்லா வேலையும் செய்தால்தான் விதை எது என்று தெரியும் என்பது கொள்கை. பிறகு ஒரு அம்மா வந்து தன் மகள் கையில் எண்ணெய் தெறித்ததென்று கத்தினார். அன்றிலிருந்து 'ஆர்வம் உள்ளவர்கள்' மட்டும் சமையலில். ஆர்வம் உள்ள ஏழு பேரும் இலவசம். பூஜை அறையில் ஒரு இலவசப் பிள்ளை கூட இல்லை.

சார்ட் எழுதுகிறவள் நான். இரண்டு வருஷமாக. கையெழுத்து அழகாக இருக்கிறதென்று என்னிடம் கொடுத்தார்கள். பழைய சார்ட்டைப் பார்த்துப் புதுசு எழுதினேன். அவ்வளவுதான் நான் யோசித்தது.

சமையல் குழு பாத்திரம் கழுவி முடிக்க ஒன்பதே முக்கால். முதல் பீரியட் ஒன்பது மணிக்கு, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு. என் கணக்கு.

பிப்ரவரி 7, திங்கள்

சுண்ணாம்பு வாங்கச் சமையல்கட்டுக்குப் போனேன். (வெற்றிலைக்கு. எழுதி வைக்கிறேன், வெட்கமில்லை.) சமையல் செய்யும் சொர்ணக்கா அரிசி மூட்டையைப் பிரித்தபடி கத்துகிறாள்.

"ஏட்டி பேச்சி, இன்னைக்கு எத்தன படிட்டி?"

பேச்சியம்மாள். பத்தாம் வகுப்பு, என் வகுப்பு. இளையரசனேந்தல் பக்கம். அப்பாவுக்கு மானாவாரி நிலம் கொஞ்சம், மழை இல்லாததால் அதுவும் சும்மா கிடக்கிறது. இவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, நிமிராமல்:

"நூத்தி எம்பத்தாறுல பதினோரு பேரு ஊருக்குப் போயிருக்காவ. நாலு பேருக்குக் காய்ச்சல், கஞ்சிதான், அதுக்குப் பாதி போதும். இருபத்தொம்பது படி அளந்துட்டு அதுல ஒரு ஆளு சோத்த எடுத்துருங்கக்கா."

ஆறு பேருக்கு ஒரு படி என்பது இங்கே வழக்கம். கையிலிருந்த நோட்டின் பின்புறத்தில் போட்டுப் பார்த்தேன். 173 பேர். 29 படி என்றால் 174. ஒரு ஆள் குறைச்சல். சரி. எனக்குப் பேனா வேண்டியிருந்தது, அவளுக்குக் கத்தரிக்காய் நறுக்குவது கூட நிற்கவில்லை.

"இவ அளக்க ஆரம்பிச்ச பெறவு எரும தொட்டிக்கு ஒரு பருக்க போகல டீச்சர். எரும என்னயப் பாத்து மொறைக்கி," என்றாள் சொர்ணக்கா.

பேச்சிக்கு அரையாண்டில் கணக்கு 48. முதல் பீரியடில் இவள் முகத்தை நான் பார்த்து எத்தனை நாள்?

பிப்ரவரி 8, செவ்வாய்

மதியம் சமையல்கட்டில் தேர்வு வைத்தேன். கேள்வி நான் சொல்ல, அவள் அப்பளம் பொரிக்க. இரண்டு தெரியாத எண் உள்ள சமன்பாடுகள், நடத்தியபோது அவள் வகுப்பில் இல்லை. ஐந்தில் ஐந்து.

எப்படிப் போட்டாய் என்றேன்.

"x-அ அரிசின்னு வச்சிக்கிட்டேன். y-அ பருப்புன்னு வச்சிக்கிட்டேன். சாம்பாரும் சோறும் சேந்து காலியாவணும்லா டீச்சர்."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். முன்பல் ஒன்று லேசாக உடைந்திருக்கிறது. இரண்டு வருஷத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்.

"ஒங்களுக்குப் பிடிச்சிருந்தா தெனமும் சொல்லுதேன். வெளிய சொல்லிறாதீய, பிள்ளைய கேலி பண்ணும்."

அப்பளச் சட்டி ஆறுவதற்குள் கூட்டுத் தொடரும் சொல்லிக்கொடுத்தேன். அவள் அட்டையில் 'கணக்கு' எழுதுவேன். முதல் குரூப். இலவச இடம்.

பிப்ரவரி 9, புதன்

பெ.டீ.யைப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் பெரிய தொல்லை. 186 பெண்களின் பெயரும் தெரியும். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து அதே சோறு சாப்பிடுகிறார். யாராவது காய்ச்சலில் கிடந்தால் பக்கத்தில் இருப்பார்.

எல்லாம் சொன்னேன். 173, இருபத்தொன்பது படி, எருமைத் தொட்டி, ஒரு பருக்கை மிச்சமில்லாதது, எல்லாம். ஆதாரம் தராமல் பேசக் கூடாது என்று எனக்கு ஒரு திமிர். அவர் கண் கலங்கிவிட்டது.

"இதுக்குத்தாம்மா இந்தப் பள்ளிக்கூடம். நீங்கதான் உண்மையான டீச்சர். நீங்க பாத்துட்டீங்க பாருங்க!"

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து வராண்டாவில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். முட்டாள்.

பிப்ரவரி 10, வியாழன்

அட்டை வந்தது. பெ.டீ.யின் சிவப்பு மையில்: 'களஞ்சிய நிர்வாகம்'. கூடவே ஒரு துண்டுத் தாள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பேச்சிக்கு இங்கேயே ஸ்டோர் பொறுப்பு, சாப்பாடு, தங்க இடம். செயலாளரிடம் பேசியாகிவிட்டது. அவருக்கு மிகுந்த சந்தோஷம். வகுப்பு டீச்சர் கையெழுத்து மட்டும் பாக்கி.

பெ.டீ.யிடம் ஓடினேன்.

"அது கணக்கு, டீச்சர். அரிசி இல்ல, கணக்கு."

"கணக்கு எல்லாரும் போடுவாங்கம்மா. எம்பது பேரு போடுவாங்க. ஒரு பருக்கை வீணாகாம நூத்தி எழுபது பேருக்குச் சோறு போட எத்தன பேருக்குத் தெரியும்? அதுதான் அவளோட விதை. நீங்கதான கண்டுபிடிச்சீங்க?"

"ரைஸ் மில்காரர் மகளுக்கு இந்தத் திறமை இருந்தா இதே எழுதியிருப்பீங்களா?"

அவர் முகம் வாடிப்போனது. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"நீங்க சின்ன வயசு. அவ பதினொண்ணு, பன்னெண்டு படிச்சிட்டு எங்க போவா? ஊருக்குப் போய்க் களை எடுப்பா. நான் அவளுக்கு ஒரு இடம் கொடுக்கறேன்."

கையெழுத்துப் போடாவிட்டால்? அட்டை இல்லை. அட்டை இல்லாத இலவசப் பிள்ளை பரீட்சை முடிந்ததும் பெட்டியோடு வீட்டுக்கு. விதி அப்படி. நான் மறுத்தால் அவளுக்கு ஸ்டோரும் இல்லை, குரூப்பும் இல்லை.

பிப்ரவரி 13, ஞாயிறு

பார்வையாளர் நாள். ஹேமலதா வீட்டிலிருந்து காரில் மூன்று தூக்குச் சட்டி. பேச்சியின் அப்பா காலை முதல் பஸ்ஸில் வந்தார், துண்டில் கட்டிய நிலக்கடலையோடு. பெ.டீ. எனக்கு முந்தி அவரிடம் ஸ்டோர் வேலையைச் சொல்லிவிட்டார்.

அந்த மனுஷர் என்னைத் தேடி வந்து கும்பிட்டார். எனக்கு அப்பா வயது.

"டீச்சரம்மா, எம்புள்ளைக்கு நெழல்ல ஒரு வேல வாங்கிக் குடுத்துட்டிய. அவ ஆத்தா வெயில்லயே செத்தா."

கடலையை வாங்கிக்கொண்டேன். இன்னும் மேஜையில் இருக்கிறது. தின்ன முடியவில்லை.

அவர் போன பிறகு பேச்சி வந்தாள். அழவில்லை. அழுதிருக்கலாம்.

"ஒங்கள்ட்ட மட்டும்தான சொன்னேன். ஏன் டீச்சர் அவியள்ட்ட சொன்னிய?"

உனக்கு நல்லது செய்யத்தான் என்றேன். இந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சொல்கிற வாக்கியம் அது. என் வாயிலிருந்தும் வந்துவிட்டது.

"எனக்கு ஸ்டோரு வேண்டாம். அளக்கத் தெரிஞ்சதுதான் தப்புன்னா எனக்கு அளக்கத் தெரியாது," என்றாள். போய்விட்டாள்.

பிப்ரவரி 16, புதன்

எருமைக்குக் கொண்டாட்டம்.

திங்கள்: ஒரு படிச் சோறு மிச்சம். செவ்வாய்: இரண்டு படி. இன்று: மூன்று. கிணறு வற்றுகிற வருஷத்தில் சோறு தொட்டிக்குப் போகிறது. பெ.டீ. சமையல்கட்டுக்கே வந்துவிட்டார்.

"இவளுக்கு என்னமோ ஆயிப்போச்சும்மா," என்று சொர்ணக்கா கையைப் பிசைந்தாள். "கேட்டா, தப்பாப் போயிட்டுக்கா, தப்பாப் போயிட்டுக்கான்னே சொல்லுதா."

பேச்சி தலையைக் குனிந்து நின்றாள். பெ.டீ. என்னைப் பார்த்தார். "உங்களுக்கு ஏதாவது புரியுதா?"

புரிந்தது. ஆறு பேர் சோறு, பன்னிரண்டு பேர் சோறு, பதினெட்டு பேர் சோறு. தப்பு செய்கிறவள் இப்படித் தப்பு செய்ய மாட்டாள். ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். இது கூட்டுத் தொடர், போன வாரம் நான் அப்பளச் சட்டி பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தது.

"தெரியல டீச்சர்," என்றேன். இங்கே வந்து நான் சொன்ன முதல் உருப்படியான பொய்.

பிறகு கொல்லைப்புறத்தில் பிடித்தேன். "குறைச்சுப் போட்டாலும் தப்புதானே, ஏன் கூட்டிப் போட்டே?"

"குறைச்சா ஆறாப்புப் பிள்ளைய பசியோட படுக்கும்லா." எருமைத் தொட்டியைப் பார்த்தபடி: "சோத்த வீணாக்குதது பாவந்தான். இன்னும் ரெண்டு நாளுதான். நாலு படி, அஞ்சு படி. அதுக்குள்ள வெலக்கிருவாவ."

பிப்ரவரி 18, வெள்ளி

நேற்று நான்கு. இன்று ஐந்து. மதியமே விலக்கிவிட்டார்கள்.

பெ.டீ. சிவப்பு மையில் எழுதியதை அடித்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார், ஒரு விதை கருகிப்போன மாதிரி. "அவசரப்பட்டுட்டோம்மா. நீங்க ஏதாவது எழுதிக்கோங்க. செயலாளர்தான் முடிவு பண்ணணும்."

'கணக்கு' என்று எழுதினேன். கொட்டை எழுத்தில். கையெழுத்தும் போட்டேன்.

மற்ற 41 அட்டைகளும் முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. 'உழைப்பு' மட்டும் ஒன்பது.

பிப்ரவரி 19, சனி

விழா. ஷாமியானா, மைக் செட், வாழை மரம். சுவரில் புது பெயிண்டில்: ஒழுக்கம், உழைப்பு, தொண்டு. ஹேமலதா வரவேற்புரை. பாதியில் மறந்து நின்றாள். பெருங்கைதட்டல்.

செயலாளர் ஒவ்வொரு அட்டையாக வாசித்தார். பேச்சி முறை வந்தது. மேடை ஏறினாள், பின் குத்திய தாவணி. அவர் அட்டையைப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"கணக்கா?" மைக்கில். "ஏட்டி, சோத்துக்கணக்கே அஞ்சு படி ஒதைக்கின்னு இப்பதான் சொன்னாவ. இதுல பெரிய கணக்கு வேறயா?"

பந்தல் முழுக்கச் சிரிப்பு. டீச்சர்கள் வரிசையிலும். அவள் அப்பாவும் சிரித்தார், செயலாளர் சிரித்ததால்.

எழுந்து சொல்லியிருக்கலாம். அந்த ஐந்து நாள் மிச்சம்தான் அத்தாட்சி என்று. சொன்னால் என்ன ஆகும்? கணக்கு தெரியும் என்று நிரூபணமாகும். வேண்டுமென்றே சோற்றைக் கொட்டியவள், பெரியவர்களிடம் பொய் சொன்னவள் என்றும் நிரூபணமாகும். ஒழுக்கப் பள்ளிக்கூடம். அன்றைக்கே பெட்டி. பரீட்சை கூட எழுத முடியாது.

உட்கார்ந்தே இருந்தேன். நாற்காலிக் கம்பி முதுகில் குத்தியது.

முதல் குரூப்பில் இலவச இடம் இந்த வருஷம் யாருக்கும் இல்லை. தகுதியான விதை அமையவில்லை என்று அறிவித்தார். சோறு வீணானதற்கு உடனே வீட்டுக்கு அனுப்பாமல், பரீட்சை வரை பேச்சி விடுதியில் இருக்கலாம். பெ.டீ. கேட்டு வாங்கிக் கொடுத்த சலுகை. அதற்கும் கை தட்டினார்கள்.

பேச்சியின் அப்பா இன்று என்னைக் கும்பிடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

பிப்ரவரி 20, ஞாயிறு

பஸ் ஸ்டாண்ட் போய் ரீஃபில் வாங்கினேன். வழி நெடுக விசைத்தறி இரைச்சல், நல்லதுதான், ஒன்றும் யோசிக்க முடியவில்லை. அரசுப் பெண்கள் பள்ளி டீச்சர் ஒருவர் வீட்டில் விசாரித்தேன். முதல் குரூப் உண்டு. மார்க் இருந்தால் இடம். தங்க? "நீங்கதான் பாத்துக்கணும்."

புளியங்குடியில் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று அம்மாவுக்குக் கடிதம். தினமும் பஸ். எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். அவள் கேட்காமல் அவளுக்கு நல்லது செய்யக் கிளம்புகிறேனா, மறுபடியும்? முதலில் அவளைக் கேட்க வேண்டும். கடிதம் பையில்.

பிப்ரவரி 21, திங்கள்

முதல் பீரியட். பேச்சி வந்தாள். அடுப்பில் வேலை இல்லாததால் மணி அடிக்கும் முன்பே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தலையில் புகை வாடை இல்லை.

கரும்பலகையில் ஒரு கணக்கு எழுதினேன், போன வருஷப் பரீட்சைத் தாளில் யாருக்கும் வராதது. எழுதி முடித்துத் திரும்பினால் அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். நோட்டில் விடை.

வராண்டாவில் செருப்புச் சத்தம். பெ.டீ., வகுப்புகளைப் பார்வையிட்டபடி. பேச்சி சட்டென்று நோட்டின் மேல் கையை வைத்து மூடினாள்.

நான் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றேன்.